மூடி ஆடிய ஜாடி

லவோன் டெட்ரோவுக்கு எப்போதும் கையைவிட வாய் முந்திக்கொள்ளும். கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷன் ஆர்டன் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். அவள் காதில் வாங்கினால்தானே.

ஒஹையோ ஆற்றை ஒட்டிய மேட்டு ஊர்களில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தே வயதானவள். ஆனால் ஊர் அவளை அதற்காக நினைவில் வைத்திருக்கவில்லை, கண்ணாடிக்காக வைத்திருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் வேலைவெட்டி இல்லாமல் நாடே தவித்தபோது, ஓட்ஸ் பெட்டிக்குள்ளும் சினிமாக் கொட்டகை வாசலிலும் சும்மா கொடுத்தார்களே, பச்சையும் ரோஜா நிறமும் தேன் நிறமுமாகத் தட்டு, கோப்பை, கிண்ணம் என்று, அந்தக் கண்ணாடி. அன்றைக்கு அதை யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. இன்றைக்கு அதற்கென்று சங்கம், கண்காட்சி, விலைப் புத்தகம், ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொள்ளும் பகை எல்லாம் உண்டு. அதே அச்சைத் தூசி தட்டி எடுத்துப் பிற்காலத்தில் ஊற்றிய நகல்களும் ஊரெல்லாம் சுற்றுகின்றன. எது பழசு, எது நகல், எது என்ன பெறும் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் லவோன்.

அதிலும் அவளுக்கு ஒரு தனிப் பெருமை. தொடாமலே சொல்லுவாள். சனிக்கிழமைகளில் ஆர்டன் வண்டி ஓட்ட, யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்பதைப் பார்த்தால் போதும். "நிறுத்துங்க, அந்த மூணாவது மேஜையில பச்சைக் கிண்ணம், பழசு" என்பாள். அவர் திட்டிக்கொண்டே பிரேக் போடுவார். போய்ப் பார்த்தால் பழசாகத்தான் இருக்கும். ஜூலை மாதக் கண்காட்சியில் அவளுக்கென்று ஒரு மேஜை. ஜனங்கள் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து நிற்பார்கள். பாதி பிரிப்பதற்குள் அவள் பேர் சொல்லிவிடுவாள், சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். கைதட்டுக் கேட்டுப் பழகிய வாய் சும்மா இருக்குமா?

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. தாய் தகப்பன் போன பிறகு வீட்டுச் சாமானை ஏலக்காரரிடம் விடுவதற்கு முன்னால், பிள்ளைகள் மட்டும் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தங்களுக்குள் ஓர் ஏலம் போட்டுக்கொள்வார்கள். காசு கிடையாது. அம்மாவின் தையல் பொத்தான்களை ஆளுக்குச் சமமாகப் பிரித்துக்கொண்டு, பொத்தானை வைத்துக் கேட்பார்கள். வசதியான அண்ணனும் கையில் காசில்லாத தம்பியும் அங்கே ஒன்றுதான். சாமான் இன்னது, இவ்வளவு பெறும் என்று சொல்ல வெளியாள் ஒருத்தர் கூட இருப்பார், சண்டை வராமல் இருக்க. கண்ணாடி அதிகம் உள்ள வீடென்றால் லவோனைக் கூப்பிடுவார்கள். கூலி வாங்கமாட்டாள். ஆப்பிள் திணித்துச் சுட்ட பை என்கிற பலகாரம் ஒரு துண்டும் காப்பியும் கொடுத்தால் போதும்.

அப்படித்தான் அந்த அக்டோபர் சனிக்கிழமை ஓபல் ஹப் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

ஓபல் மார்ச் மாதம்தான் போனாள். வருஷக்கணக்கில் படுக்கை. வாதத்தில் வலது பக்கம் விழுந்து, கடைசியில் பேச்சும் நின்றுவிட்டது. அவளைத் தூக்கிப் புரட்டிக் குளிப்பாட்டியதெல்லாம் கடைக்குட்டி மார்லின். ஆற்றில் நிலக்கரிப் படகில் வேலை பார்த்தவன், அம்மா விழுந்த வாரமே வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். மூத்தவன் டென்சிலுக்குக் கொலம்பஸில் காப்பீட்டு அலுவலகம். நடுப்பிள்ளை கிளென்னாவுக்குப் பிட்ஸ்பர்க்கில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை. இரண்டு பேரும் கிறிஸ்துமஸுக்கு வருவார்கள், அம்மா நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போவார்கள். கெட்ட பிள்ளைகள் என்று சொல்லமாட்டேன். தூரத்தில் இருந்த பிள்ளைகள், அவ்வளவுதான்.

வீடு மார்லினுக்குத்தான் என்று ஓபல் பேச்சு இருந்தபோதே வாயால் சொல்லியிருந்தாள், எழுதி வைக்கவில்லை. மற்ற இரண்டு பேரும் பெருந்தன்மையாகச் சரி என்று, திங்கட்கிழமை வக்கீலிடம் வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டை விட்டால் மார்லினுக்குத் தலைசாய்க்க வேறு இடம் இல்லை. இது லவோனுக்கும் தெரியும். ஊரில் எதுதான் தெரியாது?

ஏலம் நல்லபடியாகத்தான் போனது. பச்சைக் கிண்ணத்தைக் கிளென்னா எடுத்தாள். தேன்நிறக் கோப்பைகளை டென்சில் எடுத்தான். ஒரு கேக் தட்டின் விளிம்பில் எள்ளளவு சில்லு போயிருப்பதை லவோன் விரலால் தடவிக் காட்டி மதிப்பைப் பாதியாக்கினாள். மார்லின் மட்டும் எதையும் கேட்கவில்லை. அவன் பங்குப் பொத்தான் அப்படியே முன்னால் குவிந்து கிடந்தது.

"டேய், என்னடா, பொத்தானைச் சேர்த்து வச்சுச் சட்டை தைக்கப் போறியா?" என்றான் டென்சில்.

"ஒண்ணுதான் வேணும் எனக்கு. அது வரட்டும்."

எது என்று யாரும் கேட்கவில்லை. மேஜையின் அந்தக் கோடியில், கிளென்னாவின் முழங்கைக்குப் பக்கத்தில், ரோஜா நிறத்தில் ஒரு பிஸ்கட் ஜாடி இருந்தது. உடம்பு முழுக்கத் திராட்சைக் கொடி. பங்கு போட்டது போக மிச்சப் பொத்தான்கள் அதற்குள் பாதி அளவுக்குக் கிடந்தன. ஜன்னல் வெயில் அதன் மேல் நேராக விழுந்தது. மூடியைக் கழற்றி எங்கேயோ வைத்திருந்தார்கள்.

"பாட்டியோட ஜாடி" என்றான் டென்சில். குரலே குழைந்துவிட்டது. "அந்த மூடி இருக்கே, சனியன். எவ்வளவு மெதுவா தூக்கினாலும் கடகடன்னு ஆடிக் காட்டிக் கொடுத்துடும். ஒரு பிஸ்கட்டுக்கு ஒரு அடின்னு வாங்கியிருக்கேன்."

"நான் நடுவுல கைக்குட்டைய வச்சுத் தூக்குவேன்" என்றாள் கிளென்னா. "உனக்குத்தான் அந்த மூளை இல்ல."

"நீ தின்ன பிஸ்கட்டுக்கும் சேர்த்து நான்தான அடி வாங்கினேன்."

சிரித்தார்கள். மார்லினும் லேசாகச் சிரித்தான், தலை நிமிராமல்.

"பாட்டி, எங்க அப்பாவோட அம்மா, முப்பத்தஞ்சுல மளிகைக் கடையில கூப்பன் சேர்த்து வாங்கினது. அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தாங்க" என்று டென்சில் லவோன் பக்கம் திரும்பினான். "என்ன பெறும், மிசஸ் டெட்ரோ? சொல்லுங்க, அதுக்குத் தக்கன கேப்போம்."

லவோன் அப்போதுதான் ஆப்பிள் பையில் முள்கரண்டியைக் குத்தியிருந்தாள். எழுந்திருக்கவில்லை. மேஜையின் இந்தக் கோடியில் உட்கார்ந்தபடியே ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒண்ணும் பெறாது. அது பழசில்ல, நகல்."

சொல்லிவிட்டு முள்கரண்டியாலேயே காட்டினாள். "பழைய ரோஜா நிறம் தண்ணியா இருக்கும். இதுல வெயில் பட்டா ஆரஞ்சு தட்டுது, பாரு. திராட்சை இலை நரம்பு ஓரம்வரைக்கும் வராம பாதியில நின்னுபோச்சு. எழுபத்தாறுல நாட்டுக்கு இருநூறு வயசுன்னு ஊரே கொண்டாடுச்சே, அந்தச் சமயத்துல பழைய அச்சை எடுத்து மறுபடி ஊத்துனாங்க. அப்ப வந்தது இது."

வழக்கமாக இந்த இடத்தில் கைதட்டு வரும். வரவில்லை. 

"அப்ப பாட்டியோடது எங்க?" என்றாள் கிளென்னா.

டென்சில் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. லவோனைத்தான் கேட்டான். "இந்த நகல் இப்பவும் கிடைக்குமா?"

"தாராளமா. பழைய சாமான் சந்தையில அஞ்சு டாலருக்கு வாங்கலாம்."

"பழசு முழுசா இருந்தா?"

"மூடியோடயா? முன்னூறு. ஆசைப்பட்டவன் மாட்டினா அதுக்கு மேலயும்."

கேட்ட கேள்விக்கு மணிமணியாகப் பதில் சொன்னாள், பாவி. கேள்வி எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவில்லை. டென்சில் மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பியபோதுதான் அவளுக்கு உறைத்தது. முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என் மூஞ்சிய எதுக்குப் பாக்குற?" என்றான் மார்லின்.

"சும்மாதான். இத்தனை வருஷமா இந்த வீட்ல வேற யாரு இருந்தான்னு யோசிச்சேன்."

"நீ வரல. அதனால நான் இருந்தேன்."

"வசந்த காலத்துல டிரக்கு மாத்துனியே?"

"அது பழைய டிரக்கு. படகுல சம்பாதிச்ச காசு."

"நான் கேக்கவே இல்லயே. நீயா சொல்ற."

கிளென்னா தம்பி கைமேல் கை வைத்தாள். "மார்லின், கஷ்டத்துல வித்திருந்தா சொல்லிடு. மருந்துக்கு, டாக்டருக்குன்னு எவ்வளவோ செலவு இருந்திருக்கும். நாங்க புரிஞ்சுப்போம்." அவள் அப்படிக் கனிவாகக் கேட்டது டென்சிலின் முறைப்பைவிட மோசமாக இருந்தது. மார்லின் கையை இழுத்துக்கொண்டான்.

"நான் எதையும் விக்கல."

"அப்ப ஜாடி தானா நடந்து போச்சா?" டென்சிலின் குரல் ஏறியது. "இது ஒண்ணு மாறியிருந்தா இன்னும் என்னென்ன மாறியிருக்கு? அம்மா மோதிரம் எங்க, வெள்ளிக் கரண்டி எங்க, எல்லாத்தையும் பாக்கணும். திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போடல. திருடனுக்கு வீட்டை எழுதிக் கொடுக்க நான் என்ன இளிச்சவாயனா?"

அந்த வார்த்தை மேஜை நடுவில் விழுந்து கிடந்தது. கிளென்னா அதை எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

 மார்லின் பெரிய ஆள். படகுக் கயிறு இழுத்துக் காய்த்த கை. அந்தக் கை பொத்தான் குவியலின் மேல் கவிழ்ந்து கிடந்தது. ஜாடி எப்படி மாறியது என்று அவனுக்குத் தெரிந்தால்தானே சொல்வான்? இல்லை, தெரிந்தேதான் இப்படி உட்கார்ந்திருக்கிறானா? லவோனுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. இதைவிடச் சாதுவான பிள்ளைகள் தாயின் கட்டிலடியில் இருந்தே சாமானை எடுத்து விற்றதை அவள் பார்த்திருக்கிறாள். இனிமேலாவது வாயை மூடிக்கொண்டு, காப்பியைக் குடித்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பலாம். குடும்பச் சண்டை, நமக்கென்ன.

ஆனால் அவள் கோட்டை எடுக்கவில்லை. நகல் என்று சொன்னது சரிதான், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. எப்போதிலிருந்து நகல்? அதைக் கண்ணால் சொல்ல முடியாது. கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அவள் அந்த ஜாடியைத் தொடவே இல்லை. முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன பெண்பிள்ளை, பைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, தள்ளி உட்கார்ந்து ஒருத்தன் தலையில் கல்லைப் போட்டிருக்கிறாள்.

எழுந்து போனாள். "அந்த ஜாடியைக் கொடு, கிளென்னா."

"நகல்னு சொல்லிட்டீங்களே, இன்னும் என்ன பாக்கப் போறீங்க?" என்றான் டென்சில்.

"முதல்லயே பாத்திருக்கணும். கொடு."

பொத்தான்களை மேஜையில் கவிழ்த்துக் கொட்டினாள். சில உருண்டு தரையில் விழுந்தன, யாரும் குனியவில்லை. ஜாடியைத் திருப்பி அடியை வெளிச்சத்தில் பிடித்தாள். விரல் நுனியால் தடவினாள். அடி வளையம் முழுக்கத் தேய்ந்து, வழவழப்பெல்லாம் போய் மங்கிக் கிடந்தது. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"இது வருஷக்கணக்கா மேஜையில இழுபட்ட ஜாடி. நேத்து வாங்கி வச்சது இல்ல."

"உப்புத்தாள் போட்டுத் தேச்சா அப்படித்தான் இருக்கும்" என்றான் டென்சில். "கண்காட்சியில நீங்களே பேசுனீங்க, நானும் கேட்டுட்டுத்தான் இருந்தேன். ஏமாத்துறவன் தேச்சுப் பழசாக்குவான்னு சொன்னீங்க."

"உப்புத்தாள்ல தேச்சா கீறல் எல்லாம் ஒரே பக்கமா ஓடும். இது கண்டபடி ஓடுது. வந்து பாரு."

அவன் வரவில்லை. "சரி, நிஜத் தேய்மானம்னே வச்சுக்குவோம். சந்தையில கிடைக்கிற நகலும் அந்தக் காலத்துதுதான. யாரோ தேச்சுப் புழங்குனதைப் போன வருஷம் வாங்கி வச்சிருக்கலாம்ல?"

 அவன் சொன்னது சரி. காப்பீட்டுக்காரன், சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறவன், ஓட்டையைச் சரியாகப் பார்த்து விரலை விட்டுவிட்டான். தேய்மானம் ஜாடியின் வயதைச் சொல்லுமே தவிர, இந்த வீட்டுக்கு வந்த நாளைச் சொல்லாது. மார்லின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கிணற்றில் விழுந்தவன் மேலே நிற்பவர்களைப் பார்ப்பதுபோல.

"மூடி எங்க?" என்று கேட்டாள்.

யாருக்கும் தெரியவில்லை. கிளென்னாதான் துவட்டும் துண்டைத் தூக்கிப் பார்த்தாள். அதற்கு அடியில், குப்புறக் கிடந்தது. லவோன் இரண்டு கையாலும் எடுத்தாள். கழுத்தில் தொங்கிய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய், நிதானமாக, ஊமை மாதிரி நின்று பார்த்தாள். இலை நரம்பு ஓரம்வரைக்கும் ஓடியது. ரோஜா நிறத்தில் ஆரஞ்சு இல்லை. குமிழில் விரலை ஓட்டினாள். கைக்கே தெரிந்தது.

"மூடி பழசு" என்றாள். தன் குரல் தனக்கே வேறாகக் கேட்டது. "இது உங்க பாட்டியோடதுதான். அடி, இந்த ஜாடி மட்டும்தான் நகல்."

"அப்ப அடியை மட்டும் வித்திருக்கான்" என்றான் டென்சில்.

"அடியை எவன் வாங்குவான், டென்சில்? உடையறது எப்பவும் மூடிதான். அடி எங்க பாத்தாலும் கிடைக்கும், மூடிக்குத்தான் அடிச்சுக்குறாங்க. நான் சொன்ன முன்னூறுல இருநூத்தம்பது இந்த மூடிக்கு. விக்கிறவன் இதை வீட்ல விட்டுட்டு அதைக் கொண்டுபோவானா?"

"அவனுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? தெரியாம செஞ்சிருப்பான்."

பிடித்த பிடியை விடமாட்டான் போலிருந்தது. லவோனுக்குக் கோபம் வந்தது. அவன்மேல் பாதி, தன்மேல் பாதி. கோபத்தில் மறுபடி வாய் முந்தப் பார்த்தது. பல்லைக் கடித்து நிறுத்தினாள். ஒரு கையில் மூடி, ஒரு கையில் ஜாடி. மூடியின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் அளந்தாள், பிறகு ஜாடியின் வாயை அளந்தாள். ஜாடியின் வாய் ஒரு நூல் அகலம் கூட.

அப்போதுதான் அது அவள் தலையில் இறங்கியது. சற்று முன்னால் இவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்களே. அவளும் பையைத் தின்றுகொண்டு கேட்டாளே.

"டென்சில், பிஸ்கட் திருடி அடி வாங்கினேன்னு சொன்னியே, அப்ப உனக்கு என்ன வயசு?"

"இப்ப அது எதுக்கு?"

"சொல்லு."

"பத்து இருக்கும். பதினொண்ணு."

"மூடி கடகடன்னு ஆடுச்சு."

"ஆமா. அதான் சொன்னேனே."

"கிளென்னா, நீ கைக்குட்டை வச்சுத் தூக்கின?"

"ஆமா" என்றாள் கிளென்னா. அவளுக்கு ஏதோ புரிய ஆரம்பித்தது, முகம் வெளுத்தது.

"பழைய ஜாடியில பழைய மூடி ஆடாது" என்றாள் லவோன். "அச்சு அச்சுல உக்காரும். தூக்கினா சத்தமே வராது. நான் நூறு ஜாடி தூக்கிப் பாத்திருக்கேன். இது ஆடணும்னா ஒரே காரணம்தான். இந்த மூடி இந்த அடிக்குப் பொறந்தது இல்ல. கேளுங்க."

ஜாடியை மேஜையில் வைத்து, மூடியை அதன் மேல் போட்டு, லேசாக ஆட்டினாள்.

கடகடவென்று அந்தச் சத்தம் சமையலறை முழுக்கக் கேட்டது.

மார்லின் எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு நடையை நோக்கி இரண்டு எட்டு வைத்துவிட்டான், பின்கட்டு அறைப் பக்கம் முகம் திரும்பிவிட்டது.

"வர்றேம்மா" என்றான்.

சொன்ன பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்தது. நின்ற இடத்திலேயே நின்றான். காது வரைக்கும் சிவந்துபோனது.

 மூடி ஆடி ஆடி அடங்கியது.

"என்னடா அது?" என்றாள் கிளென்னா, மெதுவாக.

அவன் விழுந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தினான். உட்காரவில்லை. "பேச்சு நின்னுபோன பிறகு இதைத்தான் பின்கட்டு அறையில அம்மா கட்டில் பக்கத்துல வச்சிருந்தேன். இடது கையால மூடியை ஆட்டுவாங்க. மணி ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன், அதைத் தொடவே மாட்டேன்னுட்டாங்க. இதுதான் வேணும்." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "தண்ணின்னா ஒரு தடவை. வலின்னா விடாம ஆட்டுவாங்க. மாட்டுக்கொட்டாய்ல இருந்தாலும் எனக்குக் கேட்டுடும். இப்பவும் ராத்திரி எங்கயாவது சத்தம் கேட்டா எந்திரிச்சிடுறேன்."

கிளென்னா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. ஏழு கிறிஸ்துமஸ் வந்து போனவள். அந்த அறையில் அந்த ஜாடி இருந்ததைப் பார்த்திருப்பாள். எதற்கு இருக்கிறது என்று கேட்டதில்லை.

லவோனுக்கும் கண் கரித்தது. ஆனால் தொடங்கியதை முடிக்காமல் விட்டால் டென்சில் நாளைக்கு வேறு ஓட்டை தேடுவான். 

"உனக்குப் பத்து வயசுலயே இது மாறிப்போச்சு, டென்சில். இவன் அப்ப நாலு வயசுப் பையன். உங்கம்மாதான் உடைச்சிருக்கணும். கழுவும்போது கைநழுவியிருக்கும். மூடி தப்பிச்சுது. அதே சமயத்துல கடையில அதே கொடி போட்டு நகல் வந்துச்சு. வாங்கி அடியை மட்டும் மாத்திட்டு வாயை மூடிட்டாங்க."

"பாட்டி ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வருவாங்களே" என்றாள் கிளென்னா, அழுகைக்கு நடுவில். "இதுலருந்துதான் பிஸ்கட் எடுத்துத் தின்பாங்க."

"அதனாலதான் மாத்தியிருக்கா. மாமியார் சாமானை உடைச்சவ வேற என்ன செய்வா?"

அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் கிளென்னாவிடமிருந்து வந்தது. டென்சில் சிரிக்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஜாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. சரியான வார்த்தை கிடைக்காதவர்கள் எடுக்கும் வார்த்தையைத்தான் அவனும் எடுத்தான்.

"எனக்கு எப்படித் தெரியும்? இவங்கதான நகல்னு சொன்னாங்க."

"நான் நகல்னு சொன்னேன்" என்றாள் லவோன். "திருடன்னு சொன்னது நீ." பிறகு மார்லின் பக்கம் திரும்பினாள். இதைச் சொல்வது அவளுக்குச் சுலபமாக இல்லை. "தொடாம சொன்னது என் தப்பு, மார்லின். பெருமைக்குச் சொன்னேன். என்னை மன்னிச்சுக்கோ."

மார்லின் தலையாட்டினான். மன்னித்துவிட்டானா, கேட்டது காதில் விழுந்ததற்கு அடையாளமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கும் உரிமையும் இல்லை.

"திங்கட்கிழமை நான் வக்கீல்கிட்ட வந்துடுறேன்" என்றான் டென்சில் மேஜையைப் பார்த்து. "காலையிலயே வந்துடுறேன்."

"சரி" என்றான் மார்லின்.

மிச்சம் இருந்தது அந்த ஜாடி ஒன்றுதான். யாராவது ஒருத்தர் ஏலத்தை முடிக்க வேண்டும். டென்சில்தான் மூத்தவன், அவன்தான் கேட்க வேண்டும். "பிஸ்கட் ஜாடி" என்றான், குரல் கம்மி. "யாருக்கு வேணும்?"

கிளென்னா தன் முன்னால் மிச்சமிருந்த பொத்தான்களைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டாள். நான் கேட்கமாட்டேன் என்று அர்த்தம். டென்சிலும் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

மார்லின் வந்து தன் குவியலை இரண்டு கையாலும் சேர்த்து மேஜையின் நடுவுக்குத் தள்ளினான். காலையிலிருந்து ஒன்றுகூடச் செலவழிக்காத குவியல்.

"டேய், ஒண்ணு போதும்டா" என்றான் டென்சில். குவியலிலிருந்து ஒரே ஒரு கறுப்புப் பொத்தானை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தள்ளினான். "யாரும் எதிர்க்கேக்கல. எடுத்துக்கோ."

மார்லின் மறுபடி முழுவதையும் நடுவுக்குத் தள்ளினான். கோபம் இல்லை. படகில் கயிறு கட்டுகிறவன் முடிச்சைச் சரிபார்ப்பதுபோல நிதானமாகத் தள்ளினான்.

"எண்ணி எடுத்துக்கோ, டென்சில். மிசஸ் டெட்ரோ சாட்சி. சும்மா வந்ததுன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது."

டென்சில் அண்ணாந்து பார்த்தான். சிறு வயதில் அடி வாங்கும்போது இப்படித்தான் பார்த்திருப்பானோ என்னவோ. தம்பி முகத்தில் விளையாட்டு இல்லை. வேறு வழி தெரியாமல் குனிந்து பொத்தான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பக்கம் வைக்க ஆரம்பித்தான். வெள்ளை, பழுப்பு, அம்மா கோட்டிலிருந்து வெட்டிய பெரிய நீலம். கிளென்னா தரையில் விழுந்தவற்றை முழங்காலில் ஊர்ந்து பொறுக்கினாள்.

லவோன் தன் தட்டைக் கழுவித் துடைத்து வைத்தாள். பைத் துண்டில் பாதி மிச்சம். கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகில் நின்றாள். போகிறேன் என்று யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

மார்லின் ஜாடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடையில் நடந்தான். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் அந்த மூடி சும்மா இருக்கவில்லை. பின்கட்டு அறைவரைக்கும் கடகடவென்று ஆடிக்கொண்டே போனது. டென்சில் கையில் எடுத்த பொத்தானை வைக்காமல், அந்தச் சத்தம் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.